கப்பல் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பேணி

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, அங்கிருந்து சொகுசுக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவது இப்போது திருகோணமலையில் சாதாரண விஷயமாகிவிட்டது. அலாஸ்கா, கரீபியன், மத்தியதரைக் கடல் என்று உவர்மலையிலும் உப்புவெளியிலும் பேச்சு அடிபடுகிறது. 2023இல் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றத் தொடங்கியபோது, கரையில் நின்று பார்த்தவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது.

நான் பல ஆண்டுகள் இப்படியான கப்பல்களில் அறைப் பணியாளனாக இருந்தவன். கட்டில் விரித்து, குளியலறை கழுவி, துவாயை யானையாகவும் குரங்காகவும் மடித்து வைத்துச் சம்பாதித்தவன். அதனால் பெட்டி அடுக்கும் காலம் வந்தால் அயலில் உள்ளவர்கள் என்னிடம்தான் வருவார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, எத்தனை சேலை எடுத்துப் போவது?"

சேலைக் கணக்கு எனக்குத் தெரியாது, அறைக் கணக்கு தெரியும். கப்பல் எவ்வளவு பெரிதானாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது இரும்புச் சுவர் வைத்த ஒரு சின்ன அறை. மேல்தளத்து நீச்சல் குளத்துக்கும் ஆட்ட அரங்குக்கும் நீங்கள் ஒன்றும் சுமந்து போக வேண்டியதில்லை, அங்கே எல்லாம் இருக்கிறது. இல்லாத இடம் அறைதான். பிள்ளைகள் தரும் பட்டியலில் குளிர்க் கண்ணாடியும் வெயில் கிரீமும் இருக்கும். நான் சொல்பவை அதில் இருக்காது.

முதலில் பேணி.

கப்பல் கழிப்பறை காற்றால் உறிஞ்சும் முறையில் வேலை செய்வது. விமானத்தில் கேட்கும் அதே உறுமல்தான். தண்ணீர் மிகக் கொஞ்சம்தான் வரும், கழுவுவதற்குக் குழாயும் இல்லை, தாள் மட்டும் தொங்கும். நம்மவர்களுக்கு இது எத்தனை பெரிய சங்கடம் என்று பிள்ளைகளுக்கு மறந்துபோயிருக்கும், பெற்றோரும் வெட்கத்தில் வாய் திறக்க மாட்டார்கள். காலையில் ஓர் அறைக்குள் நுழைகிறேன். பல் துலக்கவென்று வைத்த கண்ணாடிக் குவளை கழிப்பறைத் தரையில், சுவரோரமாக, பாதித் தண்ணீருடன் இருக்கிறது. பயணியின் பெயரைப் பார்க்காமலே விளங்கிவிடும், நம் பக்கத்து ஆள் என்று. குவளையை எடுத்துப் போய்ப் புதியது வைப்பேன். மறுநாள் அதுவும் தரையில் இருக்கும். கண்ணாடி, ஈரத் தரை, ஆடும் கப்பல் மூன்றும் சேரக் கூடாது. கைபிடி வைத்த பிளாஸ்டிக் பேணி ஒன்றைப் பெட்டியில் போடுங்கள். அமுக்கினால் நீர் பீறிடும் மெல்லிய வாய்ப் போத்தல் இன்னும் நல்லது, தரை நனையாது. கை கழுவும் தொட்டி எட்டும் தூரத்திலேயே இருப்பதால் நிரப்புவது சிரமமில்லை. ஈரத் துடைப்புத் தாளை மட்டும் கழிப்பறைக்குள் போட்டுவிடாதீர்கள். அது குழாயை அடைத்தால் உங்கள் அறை மட்டுமல்ல, அந்த வரிசையே முடங்கும்.

அதே குளியலறைக்கு ரப்பர் செருப்பு ஒரு சோடி வேண்டும். வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்கச் சில விரல் உயரத்தில் ஒரு படி இருக்கும். இரவில் எழும்பிப் போகிறவர்கள் கால் விரலை இடித்துக்கொள்வது அங்கேதான். ஜன்னல் இல்லாத உள்ளறை எடுத்திருந்தால் நடுப்பகலிலும் கண்ணுக்கு முன்னால் நீட்டிய கை தெரியாது. பலர் குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவைச் சற்றுத் திறந்து வைத்துத் தூங்குகிறார்கள், பிறகு வெளிச்சத்தில் தூக்கம் வரவில்லை என்று குறைப்படுகிறார்கள். பற்றரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று போதும். ஆள் அசைந்தால் தானாக எரிகிற வகை கிடைத்தால் அதை வாங்குங்கள்.

சுவரில் ஏற்றுங்கள்

அறைச் சுவர் தாள் ஒட்டியது போலத் தெரிந்தாலும் உள்ளே பெரும்பாலும் உருக்குத் தகடுதான். காந்தம் பிடிக்கும். கொக்கி வைத்த காந்தங்களை மத்திய வீதி இரும்புச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அங்கே மலிவு. ஐந்தாறு இருந்தால் ஈரத் துவாய், தொப்பி, கைப்பை, நாளைக்கு உடுத்தும் உடுப்பு எல்லாம் சுவரில் ஏறிவிடும், மேசை காலியாகும். ஒட்டும் நாடாவும் பசைக் கொக்கியும் வேண்டாம். கழற்றும்போது பெயின்ட் உரியும், அந்தச் செலவு உங்கள் கணக்கில் ஏறலாம். கதவின் மேல் மாட்டும் கொக்கியும் வேண்டாம். அறைக் கதவு தீயைத் தடுக்கும் கதவு, அதன் விளிம்பு கெடக் கூடாது. காந்தத்தையும் அறைத் திறப்பு அட்டையையும் ஒரே பையில் போடாதீர்கள். அட்டை செத்துவிட்டால் வரவேற்பு மேசையில் வரிசையில் நிற்க வேண்டிவரும்.

இன்னொரு காந்தம் கதவுக்கு வெளியே. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கப்பல் நடைபாதை முனையிலிருந்து முனை வரை நீளும். ஒரே நிறக் கம்பளம், ஒரே நிறக் கதவுகள், இரண்டு பக்கமும். சாப்பிட்டு முடித்து மின்தூக்கியை விட்டு இறங்கியதும் இடமா வலமா என்று தெரியாது. வயதானவர்கள் எத்தனையோ பேர் அட்டையை வேறொருவர் கதவில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, முகம் வாடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எண்ணை மனதில் வைத்திருந்தாலும் தளத்தை மாற்றி இறங்கிவிட்டால் எண் உதவாது. பழைய பட்டுச் சேலைக் கரையில் ஒரு துண்டு வெட்டி, காந்தத்தால் கதவில் பிடித்துவிடுங்கள். தூரத்திலிருந்தே தெரியும். சில கப்பல்களில் நடைபாதைக் கம்பளத்தில் மீன்கள் நீந்துவது போல வரைந்திருக்கும், அவை பார்க்கும் பக்கம் கப்பலின் முன்பக்கம். ஏறியதும் உங்கள் பணியாளரிடம் கேளுங்கள், சந்தோசமாகச் சொல்வார்.

சேலைக் கரையில் இன்னொரு துண்டு பெட்டியின் கைபிடிக்கு. துறைமுகத்தில் குவியும் பெட்டிகளில் பெரும்பாலானவை கறுப்பு. வீட்டில் அச்சிட்ட காகித அட்டையை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம், ஏற்றி இறக்கும்போது கிழிந்துபோகும். பெயரும் கப்பலும் அறை எண்ணும் எழுதிய இன்னொரு தாளைப் பெட்டிக்குள் துணிகளின் மேலேயே வையுங்கள். அட்டை கிழிந்த பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்கள்.

பெட்டியைத் தடுத்து வைக்கும் சாமான்கள்

ஏறும் நாளில் பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அது ஊடுகதிர்ச் சோதனைக்குப் போய், பின்னேரமோ இரவோதான் அறை வாசலுக்கு வரும். எல்லாருக்கும் வந்த பிறகும் உங்களுடையது வரவில்லையென்றால் உள்ளே என்னவோ மாட்டியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது இஸ்திரிப் பெட்டி, கேத்தல் அல்லது சோறு சமைக்கும் மின் பானை. ஒரு பெட்டியில் தேங்காய் திருவலை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன ஆயுதம் என்று காவல் பிரிவில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். விளக்கிச் சொன்னேன். இறங்கும் நாளில்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

கப்பலில் எல்லாவற்றையும் விடப் பயப்படுவது தீக்குத்தான். அதனால் ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம், நெய்விளக்கு ஒன்றும் கூடாது. சாமிக்கு விளக்கு வைக்காமல் இருக்க முடியாதவர்கள் பற்றரி விளக்கைப் படத்துக்கு முன்னால் வையுங்கள். மேலே சொன்ன இரவு விளக்கும் அதுவாகவே ஆகலாம். கோணேசர் கோயில் திருநீறு கொண்டுபோகலாம். ஆனால் வெள்ளைத் தூளை வெறும் பிளாஸ்டிக் பையில் முடிந்து போய்ச் சோதனையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல், சின்னத் திருநீற்றுச் சிமிழில் கொஞ்சமாக எடுத்துப் போங்கள்.

இஸ்திரிப் பெட்டி இல்லாமல் சேலையை என்ன செய்வது என்பதற்குப் பதில்: பருத்தியை வீட்டில் விட்டுவிடுங்கள். சுருக்கம் விழாத பட்டு, ஷிபோன் வகை போதும். ஒருவர் சுடுநீரில் குளிக்கும்போது சேலையைக் குளியலறைக்குள் தொங்கவிட்டால் ஆவியில் பாதிச் சுருக்கம் போகும். சில கப்பல்களில் பயணிகள் தாங்களே துவைத்து இஸ்திரி போடும் அறை உண்டு. சட்டை வேட்டி துவைத்தால் காயப்போட, குளிக்கும் இடத்தின் சுவரில் ஒரு சின்ன வட்டத்தைத் தேடிப் பாருங்கள். பல கப்பல்களில் அதற்குள் இழுத்து நீட்டும் கொடி இருக்கும். பலர் அதைக் கவனிக்காமலே பயணத்தை முடித்துவிடுகிறார்கள். உடுப்புக் கவ்விகள் நாலைந்து கையில் இருக்கட்டும்.

இனி மின்சாரம். நம் ஊர்ச் சதுர முள் பிளக் கப்பல் சுவரில் பொருந்தாது. பொதுவாக இருப்பது அமெரிக்கத் தட்டை முள் துளையும் ஐரோப்பிய உருண்டை முள் துளையும், அதுவும் ஒன்றிரண்டுதான். அமெரிக்கத் துளையில் வருவது 110 வோல்ட், ஆகவே 230 வோல்ட்டுக்குச் செய்த நம் சாதனங்கள் அதில் சரியாக வேலை செய்யா. கைப்பேசி சார்ஜருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதில் எழுதியிருப்பதைப் பாருங்கள், 100 முதல் 240 வரை என்று இருக்கும். பிளக் மாற்றி ஒன்றும், பல யூஎஸ்பி துளைகள் வைத்த சார்ஜர் ஒன்றும் போதும். வீட்டில் பாவிக்கும் நீட்டுக் கம்பிப் பலகையை, முக்கியமாகத் திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் பாதுகாப்பு உள்ளதை, எடுத்து வராதீர்கள். வீட்டு மின்சாரத்தில் ஒரு கம்பி நிலத்தோடு இணைந்திருக்கும். பல கப்பல்களில் அப்படியில்லை, இரண்டு கம்பிகளிலும் மின்சாரம் இருக்கும். அந்தப் பாதுகாப்புப் பலகை அங்கே குழம்பிச் சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் இதைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கையே விட்டது. எடுத்து வந்தால் பறிபோகும்.

தோளில் தொங்கும் பை

பெரிய பெட்டி இரவு வரைக்கும் வராது என்றேன். அதனால் குளிசைகள், மூக்குக் கண்ணாடி, கடவுச்சீட்டு, நகை, ஒரு மாற்றுடுப்பு எல்லாம் தோள்பையில் இருக்க வேண்டும். அழுத்தம், நீரிழிவுக் குளிசைகளைப் பயண நாட்களைவிடக் கூடுதலாக எடுங்கள். மருந்தின் பொதுப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியர் சீட்டும் வேண்டும். கப்பலில் வைத்தியர் இருப்பார், ஆனால் கட்டணம் டொலரில் வரும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அறையில் இருக்கும் சின்னக் குளிர்பெட்டி பல கப்பல்களில் குடிபானத்தைக் குளிர வைக்கும் அளவுக்குத்தான். மருந்துக்குச் சரியான குளிர்பெட்டி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள். போட்ட ஊசியைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அந்தக் குப்பைப் பையை அமுக்கிக் கட்டுவது என்னைப் போன்ற ஒருவரின் கை. ஊசி போடும் தனிப் பெட்டியைக் கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். கேட்கக் கூச்சம் என்றால் தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோய் அதில் போட்டு மூடுங்கள்.

சவர்க்காரமும் ஒரு கட்டி. அறையில் இருக்கும், ஆனால் கரையில் இறங்கும் பொதுக் கழிப்பறைகளில் இருக்கும் என்பது நிச்சயமில்லை. கப்பலில் எங்கு பார்த்தாலும் கைக்குத் திரவம் தெளிக்கும் கருவி இருக்கும். அது போதும் என்று சாப்பாட்டுக்குப் போகிறார்கள். கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸை அந்த மதுசாரத் திரவம் அவ்வளவாகக் கொல்லாது. சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் போகும். சில கப்பல்களில் உணவுக்கூட வாசலில் பணியாளர்கள் நின்று கைகழுவச் சொல்லிப் பாட்டே பாடுவார்கள். சிரித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள்.

"நாங்கள் கடற்கரை ஆட்கள், எங்களுக்கென்ன தலைசுற்று" என்று கேட்பவர்கள் திருக்கடலூரில் நிறைய. கொட்டியாரக் குடாவில் மூதூர் லோஞ்சில் போய்ப் பழகியவர்கள் அவர்கள். லோஞ்ச் துள்ளும், பெரிய கப்பல் மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும். பழக்கப்பட்ட வயிறும் அந்த மெதுவுக்கு ஏமாந்துவிடும். கப்பலின் இரண்டு பக்கமும் நீருக்கடியில் நீட்டும் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கின்றன, முன்பின் தூக்கலைக் குறைப்பதில்லை. அறை இன்னும் எடுக்கவில்லையென்றால் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. குளிசையைச் சத்தி வருவதற்கு முன்பே போட வேண்டும், வந்த பிறகு அது வயிற்றில் நிற்காது. எந்தக் குளிசை என்பதை ஊரிலேயே உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள், வேறு மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள். துண்டாக வெட்டிய சுக்கு, சர்க்கரையில் ஊறிய இஞ்சி இரண்டும் பையில் இருக்கட்டும். கப்பலில் பச்சை அப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொடுப்பார்கள், அது கப்பல்காரர்களின் பழைய கைவைத்தியம். மேல்தளத்துக்குப் போய் அடிவானத்தைப் பாருங்கள். கைப்பேசியைப் பார்த்தால் கூடும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அங்கே பட்டினி கிடந்தவர் எவரையும் நான் காணவில்லை. உறைப்புக்குத்தான் ஏக்கம் வரும். முதல் நாளே மேசைத் தலைமைப் பரிசாரகரிடம் சொல்லுங்கள். பல கப்பல்களின் சமையலறையில் இந்தியச் சமையல்காரர் இருப்பார், தனியாகச் செய்து தருவார். வீட்டில் செய்த பலகாரத்தை ஏற்றவிட மாட்டார்கள், கடையில் வாங்கி உறை பிரிக்காத முறுக்கு, மிக்சர் என்றால் பெரும்பாலும் விடுவார்கள். கருவாடு வேண்டாம். மூடிய அறை, ஒரே காற்றுக் குழாய், அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. சுடுநீரில் கரைத்துக் குடிக்கும் சமஹன் மூலிகைத் தூள் பைக்கற்றுகளும் ஒரு சின்ன பிளாஸ்க்கும் எடுத்துப் போங்கள். உணவுக்கூடத்தில் சுடுநீர் எந்நேரமும் இருக்கும். குளிரூட்டியில் தொண்டை கட்டுகிறவர்களுக்கு அது அருமை தெரியும். கப்பலிலிருந்து பழம், இறைச்சி எதையும் கரைக்குக் கொண்டு இறங்காதீர்கள். அவுஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் கைப்பையில் மறந்துவிட்ட ஓர் அப்பிளுக்கே அபராதம் கட்ட வேண்டிவரும்.

கைக்கடிகாரம். பிள்ளைகள் சிரிப்பார்கள், கைப்பேசி இருக்கிறதே என்று. கைப்பேசி கரையின் நேரத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். கப்பல் தன் நேரத்தில் ஓடும். இரண்டும் ஒரு மணித்தியாலம் வேறுபடும் துறைமுகங்கள் உண்டு. ஏற வேண்டிய நேரம் என்று அறிவிப்பது கப்பலின் நேரத்தை, பிந்தியவர்களுக்காகக் கப்பல் காத்திருப்பதில்லை. சாதாரணக் கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பி வைத்து அதை மட்டும் நம்புங்கள். கைப்பேசியை ஏறியதுமே விமான நிலைக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் அது செய்மதி வலையமைப்பைப் பிடித்தால் வரும் கட்டணச்சீட்டைப் பார்த்துத்தான் உண்மையான தலைசுற்று வரும்.

ஒரு டொலர் தாள்கள் கொஞ்சம் வைத்திருங்கள், துறைமுகங்களில் சில்லறை கிடைப்பது கடினம். பணியாளர்களுக்கான அன்பளிப்பைப் பல நிறுவனங்கள் நாளுக்கு இவ்வளவு என்று உங்கள் கணக்கிலேயே சேர்த்துவிடும். அதற்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பம். நான் பணியாளனாக இருந்தவன், ஆகவே இதில் என் கருத்தைக் கேட்காதீர்கள்.

கடைசி இரவு

இறங்குவதற்கு முதல் நாள் இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். பத்து, பதினொரு மணிக்கெல்லாம் நாங்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவோம். மறுநாள் காலை துறைமுக மண்டபத்தில்தான் பெட்டியைக் காண்பீர்கள். ஒழுங்கானவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். எல்லாவற்றையும் நேர்த்தியாக மடித்து, பூட்டி, வெளியே தள்ளிவிட்டு, சாரத்தோடு நிம்மதியாகப் படுப்பார்கள். விடிந்து கதவைத் திறந்து என்னிடம் கேட்பார்கள், பெட்டி எங்கே என்று. பெட்டி கீழே, வலைக் கூண்டுக்குள், இன்னும் நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு அடியில். வயதான ஒருவர் குளியலறையில் தொங்கிய வெள்ளை அங்கியைச் சாரத்துக்கு மேல் கட்டிக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அந்த அங்கி கப்பலுக்குச் சொந்தமானது, அதோடு இறங்க முடியாது. கடைசியில் அவருடைய மருமகனின் பையிலிருந்த காற்சட்டை ஒன்று உதவியது.

ஆகவே பூட்டுவதற்கு முன் காந்தக் கொக்கிகளில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அதில் மறுநாள் உடுப்பு முழுவதையும், உள்ளாடை உட்பட, தொங்கவிடுங்கள். சப்பாத்து அதன் கீழே. மடித்தால் கையளவாகிற துணிப்பை ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். பல் தூரிகை, காலைக் குளிசை, இரவு உடுப்பு, சார்ஜர், பேணி எல்லாம் காலையில் அதற்குள் போகும். கதவில் இருக்கும் சேலைத் துண்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்து ஏறுகிறவர் வருவதற்குள் நாங்கள் கழற்றி எறிந்துவிடுவோம்.